பழைய விளையாட்டு வட்டுகளைக் கணினியில் இயக்குதல்

பிளேஸ்டேஷன், சேகா சாட்டர்ன், டிரீம்காஸ்ட், கேம்கியூப் முதலியவை வட்டைப் போட்டு விளையாடும் பழைய வீடியோ கேம் பெட்டிகள். இவற்றின் வேலையை ஒரு சாதாரணக் கணினியில் மென்பொருளைக் கொண்டே செய்விப்பது எமுலேஷன் எனப்படும். அந்த மென்பொருளுக்கு எமுலேட்டர் என்று பெயர். தமிழில் ‘போன்மி’ என்றும் எழுதுவதுண்டு.

புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் எந்த எமுலேட்டர் நல்லது என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். அந்தக் கேள்வி சற்றுக் காத்திருக்கலாம். எமுலேட்டர் அடுத்த ஆண்டும் கிடைக்கும், இன்றைவிட மேம்பட்டே கிடைக்கும். அலமாரியில் கிடக்கும் வட்டுக்கு அந்த உறுதி கிடையாது. கடலை ஒட்டிய ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் போன்ற இடங்களில் இன்னும் குறைவு. ஆகையால் இக்கட்டுரை வட்டிலிருந்து தொடங்கி, பிறகு மென்பொருளுக்கு வருகிறது.

வட்டு வந்த வழி

1980-களின் விளையாட்டுப் பெட்டிகள் கார்ட்ரிட்ஜ் என்னும் சில்லுப் பெட்டியைச் செருகி ஆடுபவை. ஒரு கார்ட்ரிட்ஜில் சில மெகாபைட் அடங்கினாலே அதிகம். 1988 டிசம்பரில் ஜப்பானின் என்இசி நிறுவனம் தன் பிசி எஞ்சின் பெட்டிக்குக் குறுவட்டு இயக்கி ஒன்றை வெளியிட்டது. குறுவட்டில் ஏறத்தாழ 650 மெகாபைட் கொள்ளும். இசை, பேச்சு, படக்காட்சி எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக இடம் கிடைத்தது. 1994-இன் இறுதியில் சேகா சாட்டர்னும் சோனி பிளேஸ்டேஷனும் ஜப்பானில் சில நாள் இடைவெளியில் வந்தன. 2000 மார்ச் 4 அன்று டிவிடி படிக்கும் பிளேஸ்டேஷன் 2 வந்தது. பதினைந்து கோடிக்கும் மேல் விற்ற அப்பெட்டியின் உற்பத்தி முடிவுக்கு வந்ததாக 2013 ஜனவரியில் அறிவிப்பு வெளியானது.

கார்ட்ரிட்ஜ் செய்ய ஒவ்வொன்றுக்கும் சில்லு வேண்டும். வட்டோ அச்சில் அழுத்தி எடுக்கும் பிளாஸ்டிக். செலவு குறைவு, அதே காரணத்தால் நகலெடுப்பதும் எளிது. சென்னையில் இந்த நகல் எங்கே கிடைத்தது என்பது 2000-களில் பள்ளிப் பிள்ளைகள் அனைவருக்கும் தெரிந்த ரகசியம்.

பர்மா பஜாரும் வடசென்னையும்

1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி ஏற்பட்டு, தொழில்கள் அரசுடைமை ஆனபின் அங்கிருந்த தமிழர்கள் பெருமளவில் தாயகம் திரும்பினர். அவர்களுள் பலருக்குப் பிழைப்பாக, துறைமுகத்துக்கு எதிரே, கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய ராஜாஜி சாலையில் 1969-இல் பர்மா பஜார் உருவானது. கப்பல் வழி வரும் அயல்நாட்டுப் பொருளுக்குப் பெயர் பெற்ற இந்தக் கடைத்தெரு, பின்னாளில் விளையாட்டுப் பெட்டிகளுக்கும் வட்டுகளுக்கும் முகவரியானது. கடற்கரை நிலையத்துக்கு அடுத்த நிறுத்தமே ராயபுரம் என்பதால் வடசென்னைப் பிள்ளைகளுக்கு இது எட்டும் தூரம்.

சொந்தமாகப் பெட்டி வாங்க முடியாதவர்களுக்கு, மணிக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு ஆடவிடும் கடைகள் இருந்தன. கிரிக்கெட் 07, டபிள்யூடபிள்யூஇ மல்யுத்தம், ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ், டெக்கன் ஆகியவை அங்கே ஓயாமல் ஓடியவை. கன்ட்ரோலரை ‘ஜாய்ஸ்டிக்’ என்றும் ‘ரிமோட்’ என்றும்தான் அங்கே சொன்னார்கள்.

அன்று பரவலாகக் கேட்ட சொல் ‘சிப் போட்ட பெட்டி’. அதன் பொருள் எமுலேஷனைப் புரிந்துகொள்ளவும் உதவும். அசல் பிளேஸ்டேஷன் வட்டின் உட்புறத் தடத்தில் ஒரு மெல்லிய அலைவு வேண்டுமென்றே பொறிக்கப்பட்டிருக்கும். வட்டு எந்த நாட்டுப் பகுதிக்கு உரியது என்னும் எழுத்துகள் அந்த அலைவில் உள்ளன. வீட்டிலுள்ள வட்டு எழுதும் கருவியால் அந்த அலைவை உண்டாக்க முடியாது. ஆகவே நகல் வட்டைப் பெட்டி ஏற்காது. பெட்டிக்குள் பற்றவைக்கப்பட்ட சிப், அந்த எழுத்துகளைத் தானே அனுப்பிப் பெட்டியை நம்ப வைக்கும். எமுலேட்டர் இந்த அலைவைத் தேடுவதே இல்லை. எனவே வட்டின் தரவு மட்டும் பிழையின்றிக் கிடைத்தால் போதும்.

எமுலேட்டர் என்ன செய்கிறது

வடக்கிலிருந்து வரும் தலைவர் மேடையில் இந்தியில் பேச, பக்கத்தில் நிற்பவர் வாக்கியத்துக்கு வாக்கியம் தமிழில் சொல்வதைப் பார்த்திருப்போம். எமுலேட்டரின் வேலையும் அதுவே. பிளேஸ்டேஷனின் செயலி மிப்ஸ் வகையைச் சேர்ந்தது. நம் கணினியில் இருப்பது இன்டெல் அல்லது ஏஎம்டி செயலி. ஒன்றின் கட்டளை மற்றதற்குப் புரியாது. எமுலேட்டர் ஒவ்வொன்றாக மொழிபெயர்க்கிறது. தலைவர் அடிக்கடி சொல்லும் வரிகளை ஒருமுறை மொழிபெயர்த்து மனத்தில் வைத்துக்கொண்டால் அடுத்த முறை உடனே சொல்லிவிடலாம் அல்லவா? நல்ல எமுலேட்டர்களும் திரும்பத் திரும்ப வரும் பகுதிகளை அப்படியே சேமித்து வைத்துக்கொள்கின்றன. வேகத்தின் ரகசியம் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது.

முதல் பிளேஸ்டேஷனின் செயலி 33.87 மெகாஹெர்ட்ஸ் வேகமும் 2 மெகாபைட் நினைவகமும் கொண்டது. இன்றைய சாதாரண மடிக்கணினிக்கு அது சுமையே இல்லை. பிளேஸ்டேஷன் 2 வேறு கதை. அதன் முதன்மைச் செயலி, இரண்டு திசையன் கணக்குப் பிரிவுகள், வரைகலைச் சில்லு, உள்ளீடு வெளியீட்டைக் கவனிக்கும் பழைய பிளேஸ்டேஷனின் செயலி என்று பலரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். அத்தனை பேரையும் தாளம் தப்பாமல் மொழிபெயர்க்க வேண்டியிருப்பதால், எண்ணிக்கையில் 295 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே உள்ள பெட்டிக்குக் கணினியில் அதைப் போலப் பல மடங்கு வலிமை தேவைப்படுகிறது.

வட்டு எப்படிக் கெடுகிறது

குறுவட்டு 1.2 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. பலர் பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் பொத்திப் பாதுகாப்பார்கள். உண்மையில் குறுவட்டில் தரவைத் தாங்கும் அலுமினியப் படலம் மேற்பக்கத்தில், பெயர் அச்சிட்ட மையின் அடியில், மெல்லிய அரக்குப் பூச்சுக்குக் கீழே இருக்கிறது. அதன்மேல் பால்பாயின்ட் பேனாவால் எழுதினாலே படலம் நசுங்கும். அடிப்பக்கக் கீறலைத் தேய்த்து ஓரளவு சரிசெய்யலாம். மேற்பக்கத்தில் படலம் உரிந்துவிட்டால் அந்தத் தரவு போனது போனதுதான். டிவிடியில் படலம் இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் கொஞ்சம் பாதுகாப்பு அதிகம். ஆனால் ஓரத்தில் ஒட்டு விட்டால் அங்கும் காற்றும் ஈரமும் நுழையும்.

அலுமினியம் ஈரத்திலும் உப்பிலும் அரிக்கும். காசிமேட்டிலும் எண்ணூரிலும் சன்னல் கம்பிகளுக்கு என்ன நேர்கிறது என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வட்டை விளக்கொளிக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் ஊசித்துளை போல வெளிச்சம் தெரிந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது. வீட்டில் எழுதப்பட்ட நகல் வட்டுகளின் நிலை இன்னும் மோசம். அவற்றில் தரவு சாயப்படலத்தில் பதிவாகிறது. வெயிலும் வெப்பமும் சாயத்தை மங்க வைக்கும்.

வெள்ளமும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய குடியிருப்புகளில் எண்ணெய்ப் படலம் கலந்த நீர் புகுந்தது. இப்படி நனைந்த வட்டைத் துணியால் உடனே துடைக்கக் கூடாது. ஒட்டியிருக்கும் மண் உப்புத்தாள் போல் கீறிவிடும். முதலில் சுத்தமான நீரை ஓடவிட்டுக் கழுவ வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒரு சொட்டு மென்மையான சோப்பு நீர் போதும். பிறகு நிழலில் உலரவிட்டு, மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தின் போக்கிலேயே விழுந்து, பிழை திருத்தும் ஏற்பாட்டையே தோற்கடிக்கும். பற்பசை போட்டுத் தேய்ப்பது நம் ஊரில் பரவலாகப் பழகிய வைத்தியம். மேலோட்டமான கீறலுக்குச் சில நேரம் பலிக்கும், பல நேரம் இன்னும் நூறு கீறலைச் சேர்க்கும்.

படிமம் எடுத்தல்

வட்டின் முழுத் தரவையும் கணினியில் ஒரு கோப்பாக எடுத்து வைப்பதே படிமம். இப்போதைய மடிக்கணினிகளில் வட்டு இயக்கி இல்லாததால் யுஎஸ்பியில் செருகும் வெளி டிவிடி இயக்கி ஒன்று வேண்டும்.

பிளேஸ்டேஷன் 2 வட்டின் அடிப்பக்கம் வெள்ளி நிறமாக இருந்தால் அது டிவிடி. நீலமாக இருந்தால் குறுவட்டு. டிவிடியை ஐஎஸ்ஓ என்னும் ஒற்றைக் கோப்பாக எடுத்தால் போதும். முதல் பிளேஸ்டேஷன், சாட்டர்ன் வட்டுகள் குறுவட்டுகளே. இவற்றில் ஆட்டத் தரவு ஒரு தடமாகவும் இசை தனித்தனித் தடங்களாகவும் இருக்கலாம். எனவே ‘பின்’, ‘க்யூ’ என்ற இரட்டைக் கோப்புகளாக எடுக்க வேண்டும். முதலாவதில் தரவு, இரண்டாவது, எந்தத் தடம் எங்கே தொடங்குகிறது என்னும் சிறு பட்டியல். ஆட்டம் ஓடுகிறது, பின்னணி இசை மட்டும் வரவில்லை என்று புலம்புபவர்கள் பலர் இந்த இரண்டாவது கோப்பைத் தவறவிட்டவர்களே.

விண்டோஸில் இம்ஜ்பர்ன் என்னும் இலவச மென்பொருள் இவ்விரண்டையும் செய்யும். லினக்ஸில் டிவிடி கீறலுற்றிருந்தால் டிடிரெஸ்க்யூ சிறந்தது. அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வந்து மீண்டும் மீண்டும் முயலும். வகுப்பில் தெரிந்த கேள்விகளை முதலில் எழுது என்று சொல்வதைப் போல. எந்த மென்பொருளானாலும் படிக்கும் வேகத்தைக் குறைத்து வைப்பது நல்லது.

ஒரு முறை எடுத்ததோடு நிற்கக் கூடாது. இரண்டாம் முறையும் எடுத்து, இரண்டின் எம்டி5 அல்லது எஸ்எச்ஏ-1 எண்ணை ஒப்பிட வேண்டும். இந்த எண் கோப்பின் கைரேகை போன்றது. ஒரு பிட் மாறினாலும் முழுதும் மாறிவிடும். இரண்டும் ஒன்றானால் பெரும்பாலும் சரியாகப் படித்திருக்கிறது. ரெடம்ப் என்னும் தன்னார்வத் தரவுத்தளம் அசல் வட்டுகளின் கைரேகை எண்களைத் தொகுத்து வைத்திருக்கிறது. அதோடும் பொருந்தினால் கவலையே இல்லை. சரிபார்த்தபின் இடம் மிச்சப்பட வேண்டுமானால் சிஎச்டி என்னும் இழப்பில்லாச் சுருக்க வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

எல்லா வட்டையும் இப்படி எடுக்க முடியாது. டிரீம்காஸ்டின் ஜிடி-ராம், ஒரு கிகாபைட் அளவுக்கு நெருக்கமாக எழுதப்பட்டது. அந்த நெருக்கமான பகுதியைச் சாதாரண இயக்கி படிக்காது. கேம்கியூபின் 8 செண்டிமீட்டர் வட்டையும் பெரும்பாலான கணினி இயக்கிகள் ஏற்பதில்லை. அதற்கு ஒரு நிண்டெண்டோ வீ பெட்டியில் கிளீன்ரிப் என்னும் நிரலை ஓட்டிப் படிமம் எடுக்கிறார்கள்.

பயாஸ்

பெட்டியை இயக்கியதும் முதலில் விழித்தெழும் சிறு நிரல் பயாஸ். முதல் பிளேஸ்டேஷனில் இது 512 கிலோபைட், பிளேஸ்டேஷன் 2-இல் 4 மெகாபைட். இது சோனியின் பதிப்புரிமைக்கு உட்பட்டது. ஆகவே எமுலேட்டர்கள் இதைத் தங்களோடு சேர்த்துத் தருவதில்லை. அவரவர் பெட்டியிலிருந்து அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிளேஸ்டேஷன் 2-இலிருந்து எடுக்க பயாஸ்டிரெய்ன் என்னும் நிரல் உள்ளது. எஃப்ஏடி32 வடிவில் அமைத்த பென் டிரைவைப் பெட்டியில் செருகி அதை ஓட்டினால் கோப்பு வந்துவிடும். கேள்வி, அந்த நிரலைப் பெட்டியில் எப்படி ஓட்டுவது என்பதே. ஃப்ரீ மெக்பூட் நிறுவிய நினைவக அட்டை ஒரு வழி. ஆனால் கடைசியில் வந்த 90000 வரிசைப் பெட்டிகள் பலவற்றில் அது வேலை செய்யாது. அவற்றுக்கு, பெட்டியின் டிவிடி படம் காட்டும் பகுதியிலுள்ள ஓட்டையைப் பயன்படுத்தும் ஃப்ரீடிவிடிபூட் 2020-இல் வெளிவந்தது. ஒரு வெற்று டிவிடியில் எழுதிப் போட்டாலே போதும். சிப் போட்ட பழைய பெட்டி வைத்திருப்பவருக்கு இந்தச் சிரமம் எதுவுமில்லை. எழுதிய வட்டை அது ஏற்கும். திருட்டு நகலுக்காகப் போட்ட சிப் இப்படியும் ஒருநாள் உதவுகிறது.

டால்ஃபின், பிபிஎஸ்எஸ்பிபி போன்ற எமுலேட்டர்களுக்குப் பயாஸ் தேவையில்லை. முதல் பிளேஸ்டேஷனுக்கு ஓப்பன்பயாஸ் என்னும் திறந்த மூல மாற்றும் உண்டு.

கணினியும் எமுலேட்டரும்

முதல் பிளேஸ்டேஷனுக்கு டக்ஸ்டேஷன், பிளேஸ்டேஷன் 2-க்கு பிசிஎஸ்எக்ஸ்2, டிரீம்காஸ்டுக்கு ஃப்ளைகாஸ்ட், சாட்டர்னுக்கு மெட்னாஃபென், கேம்கியூபுக்கு டால்ஃபின் என்று வைத்துக்கொள்ளலாம். அனைத்தும் விலையின்றிக் கிடைப்பவை. பிசிஎஸ்எக்ஸ்2-க்கு 64 பிட் விண்டோஸ் 10 அல்லது அதற்கு மேற்பட்டது, 8 கிகாபைட் நினைவகம், ஓரளவு நல்ல வரைகலை வசதி ஆகியவை வேண்டும். 2011 முதல் தமிழக அரசு பள்ளி மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் தொடக்ககால மாதிரிகள் இதற்குத் தாங்காது. அவற்றில் முதல் பிளேஸ்டேஷனோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தொடங்கும்போது எல்லா அமைப்புகளையும் உள்ளபடியே விட்டுவிட வேண்டும். காட்சித் தெளிவை நான்கு மடங்காக்குவது, அகலத்திரை என்று ஒரே நாளில் பத்தை மாற்றினால் எது கெடுத்தது என்று தெரியாது. ஒலி விட்டுவிட்டு வந்தால் பெரும்பாலும் ஒலி அமைப்பில் கோளாறு இல்லை. கணினி முழு வேகத்தை எட்டவில்லை. திரை மூலையில் வேகம் 100 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கிறதா என்று பார்த்து, தெளிவைக் குறைக்க வேண்டும்.

இன்னொரு குழப்பம் நம் நாட்டுக்கே உரியது. இந்தியாவின் தொலைக்காட்சி முறை பால் என்பதால் இங்கு முறையாக விற்ற வட்டுகளும் பால் வகை, நொடிக்கு 50 படம். எமுலேட்டர் 50 என்று காட்டுவது குறையன்று. 60 படமுள்ள அமெரிக்கப் பதிப்பைவிடச் சில ஆட்டங்கள் மெதுவாக ஓடுவதும் அசலிலேயே உள்ளதுதான். வட்டின் மேல் எஸ்சிஇஎஸ் அல்லது எஸ்எல்இஎஸ் என்று தொடங்கும் எண் இருந்தால் பால் பதிப்பு. எஸ்எல்யுஎஸ் என்றிருந்தால் அமெரிக்கப் பதிப்பு.

சட்டம்

எமுலேட்டர் எழுதுவதோ வைத்திருப்பதோ குற்றமாகாது என்ற நிலை அமெரிக்க வழக்கொன்றில் வலுப்பெற்றது. கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் எமுலேட்டருக்கு எதிராகச் சோனி தொடுத்த வழக்கில், பயாஸை ஆராய்வதற்காக நகலெடுத்தது நியாயமான பயன்பாடே என 2000-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 52(1)(ஏஏ) பிரிவில், கணினி நிரலின் படியைச் சட்டப்படி வைத்திருப்பவர், இழப்பு அல்லது சேதத்துக்கு எதிரான பாதுகாப்பாக நகல் எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. சட்டப்படி வைத்திருப்பவர் என்பதே இங்கு முக்கியம். நகல் வட்டிலிருந்து எடுத்த படிமம் அதனால் தூய்மை அடைந்துவிடாது. எடுத்த படிமத்தைப் பிறருக்குக் கொடுப்பதும் இந்தப் பிரிவில் அடங்காது. உரிமை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்புப் பூட்டை உடைப்பவருக்கு 2012 திருத்தத்தில் வந்த 65ஏ பிரிவு இரண்டு ஆண்டு வரை சிறை விதிக்கிறது. தமிழ்நாட்டில் 2004-இல் குண்டர் சட்டத்துக்குள்ளேயே வீடியோ திருட்டு கொண்டுவரப்பட்டது.

சட்டம் ஒருபுறமிருக்க, நகல் வட்டுகளில் நடைமுறைச் சிக்கலும் உண்டு. இடத்தைக் குறைப்பதற்காகப் படக்காட்சிகளை வெட்டியெறிந்த பதிப்புகள் ஏராளமாகப் புழங்கின. அத்தகைய வட்டை எவ்வளவு கவனமாகப் படிமமாக்கினாலும் வெட்டுப்பட்ட ஆட்டமே கிடைக்கும்.

இந்தியாவில் உருவான வட்டுகள்

ஜிடிஏ, டெக்கன் போன்றவை உலகெங்கும் இலட்சக்கணக்கில் உள்ளன. ஒருவரது வட்டு அழிந்தால் அந்த ஆட்டம் அழிந்துவிடாது. இந்தியாவிலேயே உருவாகி, பெரும்பாலும் இங்கேயே விற்ற பிளேஸ்டேஷன் 2 ஆட்டங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. முழுக்க இந்தியாவில் உருவான முதல் பிளேஸ்டேஷன் 2 ஆட்டமாகக் கருதப்படும் ‘ஹனுமான்: பாய் வாரியர்’ 2009-இல் ஹைதராபாத்தின் அரோனா டெக்னாலஜீஸ் உருவாக்கியது. கடவுளை ஆட்டக்காரரின் கைப்பொம்மையாக்குவதா என்று அப்போது எதிர்ப்பும் எழுந்தது. அதே ஆண்டு கேம்சாஸ்த்ராவின் ‘தேசி அட்டா’ கபடி, பட்டம் விடுதல் போன்ற தெரு விளையாட்டுகளைத் திரைக்குக் கொண்டுவந்தது. 2010-இல் டிரைன் கேம்ஸின் ‘ஸ்ட்ரீட் கிரிக்கெட் சாம்பியன்ஸ்’, 2011-இல் ‘ரா.ஒன்’ ஆகியவை வந்தன. பெட்டியின் உற்பத்தி நின்றபின், 2013-இல் ‘டான் 2’ வந்தது.

இத்தகைய வட்டு ஒன்று கையில் இருப்பவர் ஆட்டத்தை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே படிமம் எடுத்துவிடுவது நல்லது. வட்டின் மேலுள்ள எண், உறையின் இருபக்கம், உள்ளே வைத்த கையேடு ஆகியவற்றையும் படமெடுத்து அதே கோப்புறையில் வைக்க வேண்டும். இரண்டு இடங்களில், ஒன்று வீட்டுக்கு வெளியே, வைத்தால் வெள்ளத்துக்கும் தப்பும். வட்டை நிமிர்த்திய நிலையில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, இறுக மூடும் டப்பாவில் வைக்கலாம். மருந்துப் புட்டியிலும் புதுச் செருப்புப் பெட்டியிலும் வரும் அதே பொட்டலம்தான். ஈரம் குடித்துவிட்டால் ஆண்டுக்கொரு முறை மாற்ற வேண்டும்.